பருவம் பிறக்கும் நாள்: கல்கத்தா முகம்மதன் கழகமும் அதன் அன்பர்களும்

விளையாட்டை நேசிப்போருக்குத் தனியொரு நாட்காட்டி உண்டு. அவர்களுக்கு ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை. முஹர்ரத்திலோ ஜனவரியிலோ பிறப்பதுமில்லை. பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க நடுவர் ஊதுகிறாரே, அந்த மாலைப் பொழுதில்தான் பிறக்கிறது. அன்று காலைச் செய்தித்தாளை விரித்தால் புள்ளிப் பட்டியலில் எல்லாக் கழகங்களின் பெயருக்கு நேராகவும் சுழியமே நிற்கும். சென்ற பருவத்தில் வாகை சூடிய கழகத்துக்கும் சுழியம். கடைசி இடத்தில் கிடந்த கழகத்துக்கும் சுழியம். வாழ்வின் வேறெந்தத் துறையிலும் எளியவருக்கும் வலியவருக்கும் இத்தகைய சமநிலை ஆண்டுதோறும் தவறாமல் வழங்கப்படுவதில்லை. அதனால்தான் பலமுறை ஏமாந்த ரசிகனும் பருவத்தின் முதல் நாளில், மேற்கு வானில் பிறை தேடுகிறவனைப் போல நம்பிக்கையோடு நிற்கிறான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நடப்புப் பருவத்தின் ஆட்டக்காரர்களைப் பார்த்து மட்டும் வருவதன்று. ரசிகன் தான் பிறப்பதற்கு முன்பே நடந்த வெற்றிகளையும் தன்னுடையவை என்று சுமக்கிறான். தந்தை சொல்லக் கேட்டதும், பாட்டனார் கண்டதும் அவன் நினைவாகிவிடுகின்றன. ஆகவே ரசிகனின் உள்ளத்தை அறிய விரும்புவோர் கழகத்தின் வரலாற்றை அறிய வேண்டும். கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் நாட்டில் இக்கழகத்தின் அன்பர்களைப் போல உயர்ந்த சிகரத்தையும் நீண்ட பள்ளத்தாக்கையும் ஒருசேரக் கண்டவர்கள் மிகச் சிலரே.

மைதானத்தின் நாட்காட்டி

கல்கத்தாவில் "மைதான்" என்றால் அது வெறும் திடல் அன்று. ஒரு தனி உலகம். வில்லியம் கோட்டையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் அந்தப் பசும்புல் வெளியில் ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு கூடாரம் உண்டு. கோடை முதிர்ந்து மழை இறங்கும் மாதங்களே அங்கே கால்பந்தாட்டத்தின் காலம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ரசிகனின் பருவம் தொடங்கிவிடும். ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் "தல்பதல்" என்னும் சடங்கு நடைபெறும் நாள்களில் யார் எந்தக் கழகத்துக்குக் கையெழுத்திட்டார் என்பதே தேநீர்க் கடைகளின் முதற்செய்தி. எதிரணியினர் மனத்தைக் கலைத்துவிடாதபடி ஆட்டக்காரரைக் கழகத்தார் மறைத்து வைத்துக் காத்த கதைகளும் உண்டு.

பின்னர் ஆட்ட நாள். சீட்டுக் கிடைத்தவர் உள்ளே செல்வர். கிடைக்காதவர் கோட்டைப் பக்கத்து மேட்டில் ஏறி நிற்பர். முன்னே நிற்பவரின் தலை மறைத்தால் பார்ப்பதற்கென்று, நீண்ட பெட்டிக்குள் கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துப் பொருத்திய கருவிகளைத் தூக்கிப் பிடிப்பர். மழை கொட்டினாலும் கூட்டம் கலையாது. கப்பல்துறைத் தொழிலாளியும் கல்லூரி மாணவனும் கடைக்காரரும் எழுத்தரும் அங்கே ஒரே சேற்றில் நின்றனர்.

கதவு திறந்த கதை

இந்த உலகத்தில் இந்தியருக்கு இடம் எளிதாகக் கிடைக்கவில்லை. கல்கத்தா லீக் 1898-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் வாகையைச் சூடியது குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு. தொடக்கத்தில் இந்தியக் கழகங்களுக்கு அதில் இடமே இல்லை. 1914-இல் மோகன் பகானும் ஆரியன்ஸும் இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டே மோகன் பகான் முதல் பிரிவுக்கு ஏறியது. ஆயினும் முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இருத்தலாகாது என்றொரு விதி வைத்திருந்தனர். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம் தகுதி பெற்று வாயிலில் வந்து நின்று போராடிய பின்னரே அவ்விதி தளர்ந்தது.

முகம்மதன் கழகத்தின் வேர் 1887-ஆம் ஆண்டில் தோன்றிய ஜூபிலி கழகத்தில் இருக்கிறது. பின்னர் கிரசென்ட் என்றும் ஹமீதியா என்றும் பெயர் மாறி, 1891-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது பேசத்தக்க கழகமாக இருக்கவில்லை. அந்நாளைய ரசிகர்கள் ஒவ்வொரு பருவத்திலும் கீழ்ப்பிரிவிலேயே தம் அணியைத் தேட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் 1911-ஆம் ஆண்டை நினைவுகூர்தல் தகும். அவ்வாண்டு ஜூலை 29-இல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. அந்த வெற்றிச் செய்தியில் முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தினர் தம் இந்துச் சகோதரர்களின் வாகைக்காக மகிழ்ச்சி தாளாமல் தரையில் புரண்டனர் என்று அக்காலத்து முஸ்லிம் பத்திரிகை ஒன்று எழுதியது. பிற்காலத்தில் கசப்புகள் பல நேர்ந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மைதானத்தின் முதல் மகிழ்ச்சி பங்கிட்டுக் கொள்ளப்பட்ட மகிழ்ச்சியாகவே இருந்தது என்பதை மறத்தலும் ஆகாது.

1934: ஒரு பருவத்தின் தொடக்கம்

1933-ஆம் ஆண்டின் முடிவில் முகம்மதன் அணி முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1934-ஆம் ஆண்டுப் பருவம் பிறந்தபோது அந்த அணியின் அன்பர்கள் எதை எதிர்பார்த்திருக்கக்கூடும்? மீண்டும் கீழே விழாதிருந்தால் போதும் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. லீக் தொடங்கி 35 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓர் இந்தியக் கழகம்கூட அதை வென்றதில்லை. முந்தைய மூன்று பருவங்களிலும் டர்ஹாம் லைட் இன்பன்ட்ரி என்னும் படைப்பிரிவே வாகை சூடியிருந்தது. மோகன் பகான் எத்தனையோ முறை முயன்றும் எட்டாத கனி, முதன்முறையாக உள்ளே வந்த கழகத்துக்கு எட்டும் என்று எவர்தாம் கருதியிருப்பர்?

ஆனால் அந்தப் பருவத்தின் முடிவில் லீக் வாகை முகம்மதனுக்கே உரியதாயிற்று. அடுத்த ஆண்டும் அப்படியே. 1934, 1935, 1936, 1937, 1938 என்று ஐந்து பருவங்கள் தொடர்ந்து அவ்வணியே வென்றது. 1936-இல் லீகுடன் ஐ.எப்.ஏ. ஷீல்டையும் சேர்த்து வென்றது. ஓர் இந்தியக் கழகம் ஒரே ஆண்டில் அவ்விரண்டையும் பெற்றது அதுவே முதல் முறை. இந்த ஐந்தாண்டுச் சாதனையை 1970 முதல் 1975 வரை ஆறு முறை தொடர்ந்து வென்ற ஈஸ்ட் பெங்கால்தான் பின்னர் கடந்தது.

இவ்வெற்றிக்குக் காரணங்கள் யாவை? கழக நிர்வாகிகள் வங்காள எல்லையோடு நின்றுவிடாமல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்டக்காரரைத் திரட்டினர் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் எளியது, ஆனால் கூர்மையானது. அந்நாளில் இந்திய ஆட்டக்காரர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினர். உலர்ந்த தரையில் அவர்களின் பாதம் பந்தோடு பேசும். மழை பெய்து தரை வழுக்கத் தொடங்கியதும் பூட்ஸ் அணிந்த வெள்ளையரின் கை ஓங்கிவிடும். கல்கத்தா லீகோ மழைக்காலத்து லீக். முகம்மதன் நிர்வாகிகள் இதை உணர்ந்து, ஈரத்தரையில் தம் அணியினரைப் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினர். மழை இதுகாறும் எதிரியின் பக்கம் நின்றது. இனி அது நடுநிலைக்கு வந்தது.

அந்த அணியில் "ஜாதூகர்" என்று மக்கள் போற்றிய சையத் அப்துஸ் சமத் இருந்தார். 1895-இல் பிறந்த அவர் 1933-இல் முகம்மதனில் சேர்ந்தபோது வயது நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. தாம் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதும், "கம்பத்தின் உயரம் குறைவு, அளந்து பாருங்கள்" என்று அவர் சொன்னதாகவும், அளந்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, ரசிகர் அவரை எவ்வாறு கண்டனர் என்பதற்கு அதுவே சான்று. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமும் இவ்வணியின் வெற்றியைப் போற்றிக் கவிதை புனைந்தார்.

ஆயினும் 1911-இன் வெற்றியைக் கொண்டாடியது போல 1934-இன் வெற்றியை எல்லாரும் கொண்டாடவில்லை. காலம் மாறியிருந்தது. அரசியலில் எழுந்த பிளவு மைதானத்திலும் நிழல் வீசியது. கழகத்தின் பெயரைக் கண்டு சிலர் விலகி நின்றனர். அதே பெயரைக் காட்டி வேறு சிலர் அரசியல் ஆதாயம் தேடினர். வெள்ளைப் படைப்பிரிவுகளின் ஆதிக்கத்தை லீகில் முதன்முதல் உடைத்த இந்திய அணி இதுவே என்னும் எளிய உண்மை இவ்விரு தரப்பாருக்கும் இடையில் நசுங்கியது. அந்தச் சேற்று மேட்டில் நின்று கை தட்டிய எளிய ரசிகனுக்கு இந்தக் கணக்குகள் எல்லாம் விளங்கியிருக்குமா என்பது ஐயமே.

கிளாஸ்கோவில் ஒரு புதுப்பருவம்

அந்த ஐந்தாண்டுப் பொற்காலத்தின் நடுவில், 1936-இல், அணியின் பக்கவாட்டு ஆட்டக்காரரான முகம்மது சலீம் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்குச் சென்றார். அங்கே அவருடைய உறவினர் ஒருவர் இருந்தார். அவருடைய முயற்சியால் புகழ்பெற்ற செல்டிக் கழகத்தின் மேலாளர் வில்லி மேலி, சலீமைச் சோதித்துப் பார்க்க இசைந்தார். ஆகஸ்டு மாதம், அந்நாட்டில் புதிய பருவம் பிறக்கும் நேரம். சலீம் பூட்ஸ் அணிய மறுத்துவிட்டார். கழகத்தைச் சேர்ந்த ஜிம்மி மக்மெனிமி அவர் பாதங்களில் துணிக்கட்டுப் போட்டுவிட, அந்தக் கட்டுகளோடேயே அவர் களமிறங்கினார். ஹாமில்டன் அணிக்கு எதிராகவும் கால்ஸ்டன் அணிக்கு எதிராகவும் அவர் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் செல்டிக் வென்றது. கிளாஸ்கோ மக்கள் அந்த வெறுங்கால் வித்தையைக் கண்டு வியந்தனர்.

செல்டிக் கழகத்தார் அவரை அங்கேயே தங்குமாறு வேண்டினர். சலீம் தங்கவில்லை. வீட்டு நினைவு அவரை இழுத்தது; கல்கத்தாவில் தம் அணியின் அடுத்த பருவம் காத்திருந்தது. அவர் திரும்பி வந்துவிட்டார். ரசிகன் மட்டுமல்லன், ஆட்டக்காரனும் ஒரு கழகத்துக்குக் கட்டுண்டு கிடக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? 1980-இல் அவர் மறைந்தார்.

வடக்கும் தெற்கும்

1939-இல் நிர்வாகத் தகராறு காரணமாக முகம்மதன் உள்ளிட்ட சில கழகங்கள் லீகிலிருந்து விலகின. அவ்வாண்டு மோகன் பகான் முதன்முறையாக லீகை வென்றது. 1940-இல் முகம்மதன் மீண்டும் லீகை வென்றதோடு, ரோவர்ஸ் கோப்பையையும் டூரண்டு கோப்பையையும் வென்று அவ்வாண்டைத் தன் ஆண்டாக்கிக் கொண்டது. டில்லியில் நடந்த டூரண்டு இறுதி ஆட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. 1888-இல் தொடங்கிய அந்தக் கோப்பையை அதுவரை எந்த இந்தியக் கழகமும் தொட்டதில்லை.

தென்னாட்டவராகிய நாம் இங்கே ஒன்றை மறத்தலாகாது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதல் வென்ற இந்திய அணி, நம் அண்டை நகரின் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியே. 1937-இல் அது இறுதி ஆட்டத்தில் வென்றது யாரை? ஐந்தாண்டு வாகையரான இதே முகம்மதன் அணியை. மறு ஆண்டும் பெங்களூர் அணியே வென்றது. 1940-இல் இவ்விரு அணிகளும் மீண்டும் இறுதியில் சந்தித்தபோதுதான் முகம்மதன் 1-0 என்று பழைய கடனைத் தீர்த்துக்கொண்டது.

பிரிவினையும் நெடிய காத்திருப்பும்

1947-இல் நாடு பிரிந்தது. நிலம் பிரிந்ததைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர்; ஓர் அணியின் அன்பர் கூட்டம் பிரிந்ததைப் பற்றி எழுதியோர் குறைவு. ஆட்டக்காரர் சிலரும் நிர்வாகிகள் சிலரும் டாக்கா சென்றனர். அங்கே 1936-லேயே இதே பெயரில் ஒரு கழகம் தோன்றியிருந்தது. அது புத்துயிர் பெற்றது. மேட்டில் தோளோடு தோள் உரசி நின்ற குடும்பங்களுள் சில எல்லைக்கு அப்பால் சென்றன. சில இங்கேயே தங்கின. தங்கியவர்கள் 1948-ஆம் ஆண்டுப் பருவம் பிறந்தபோது எத்தகைய உள்ளத்தோடு மைதானத்துக்குச் சென்றிருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறோம். நகரமே காயத்தோடு இருந்தது. தங்கள் அணியின் பெயரை உரக்கச் சொல்லவும் சிலர் தயங்கியிருக்கலாம். அந்த ஆண்டு முகம்மதன் அணி லீகை வென்றது. ஒரு கோப்பை ஒரு மக்களின் துயரை ஆற்றிவிடாது. ஆனால் "நாம் இங்கேதான் இருக்கிறோம், நம் பருவமும் தொடர்கிறது" என்னும் ஆறுதலை அது அளித்திருக்கும்.

அதன் பின் வெற்றிகள் அருகி வந்தன. 1957-இல் ஒரு லீக். 1960-இல் டாக்காவில் ஆகாகான் தங்கக் கோப்பை. 1967-இல் ஒரு லீக். 1981-இல் ஒரு லீக். 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் பெடரேஷன் கோப்பை. இக்காலத்தில் கழகத்தின் கதவு அகலத் திறந்திருந்தது. ஈரானியரான மஜீத் பிஷ்கர், ஜம்ஷீத் நாசிரி ஆகியோர் 1982-இல் கறுப்பு வெள்ளைச் சட்டை அணிந்தனர். நைஜீரியரான சீமா ஒகோரி 1985-இல் இக்கழகத்தில்தான் கல்கத்தா வாழ்வைத் தொடங்கினார். பெயரைக் கொண்டு கழகத்தை அளந்தோர் அந்த ஆட்டக்காரர் பட்டியலைப் படிக்கவில்லை போலும்.

அன்பு வெறியாகும் ஆபத்தையும் இந்நகரம் அறியும். 1980 ஆகஸ்டு 16-இல் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். காலையில் கொடியோடு புறப்பட்ட பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பவில்லை. கழகப் பற்று எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அந்நாள் ஓர் எல்லைக்கல்.

1981-க்குப் பின் 40 ஆண்டுகள் முகம்மதனுக்கு லீக் கிட்டவில்லை. பல முறை பருவம் பிறந்தது. பல முறை சுழியத்தில் தொடங்கியது. பல முறை நம்பிக்கை கருகியது. இதற்கிடையே கால்பந்தாட்டத்தின் இயல்பே மாறிற்று. 1996-இல் தேசிய லீக், 2007-இல் ஐ-லீக், 2014-இல் பெரும் பணத்தோடு வந்த இந்தியன் சூப்பர் லீக். கூடாரத்தில் நன்கொடை திரட்டி நடத்திய கழகங்கள் தொழில்முறைக் கழகங்களோடு போட்டியிட வேண்டியதாயிற்று. முகம்மதன் 2013-14 பருவத்தில் ஐ-லீகுக்கு வந்து, அதே பருவத்தில் கீழிறங்கியது. 2013-இல் டூரண்டு கோப்பையை மீண்டும் வென்ற கழகம், மறு ஆண்டே பணமின்றித் தத்தளித்தது.

மீண்டும் சுழியத்திலிருந்து

2021 நவம்பர் 18-இல் ரயில்வே அணியை 1-0 என்று வென்று கல்கத்தா லீகை முகம்மதன் மீட்டது. 1981-இல் இளைஞனாக இருந்து வெற்றியைக் கண்டவன் அன்று முதியவனாகியிருந்தான். 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அதே வாகை. பின்னர் 2024 ஏப்ரல் 6-இல், நோன்பின் கடைசிப் பத்து நாள்களில், ஷில்லாங்கில் லாஜோங் அணியை 2-1 என்று வென்று ஐ-லீக் வாகையையும், இந்தியன் சூப்பர் லீகில் நுழையும் உரிமையையும் பெற்றது. அவ்வாண்டுப் பெருநாள் கொல்கத்தாவின் பல வீடுகளுக்கு இருமடங்குப் பெருநாள்.

2024 செப்டம்பர் 16-இல் கொல்கத்தாவின் கிஷோர் பாரதி அரங்கில் அந்தப் பருவம் பிறந்தது. 133 ஆண்டுகள் வயதுடைய கழகம் இந்தியன் சூப்பர் லீகில் புதுமுகமாக நின்றது. வடகிழக்கு யுனைடெட் அணிக்கு எதிராக முழு நேரமும் தாக்குப் பிடித்து, கூடுதல் நிமிடங்களில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. ஐந்து நாள்களுக்குப் பின் கோவா அணிக்கு எதிராக முன்னிலை பெற்றும் கடைசித் தருணத்தில் சமநிலைக்கு இறங்கியது. மூன்றாம் ஆட்டம் செப்டம்பர் 26-இல், நம் சென்னை நேரு விளையாட்டரங்கில். அங்கே மிசோரம் இளைஞர் லால்ரெம்சாங்கா அடித்த ஒரே கோலில் சென்னையின் அணியை வென்றது. இந்தியன் சூப்பர் லீகில் முகம்மதனின் முதல் வெற்றி தமிழ் மண்ணில் கிட்டியது. சென்னை அணியை நேசிப்போருக்கு அது கசந்திருக்கும். ஆயினும் வரலாறு அறிந்தோர் அந்தக் கசப்பினூடே ஒரு புன்னகையும் பூத்திருப்பர்.

அப்பருவம் இனிதே முடியவில்லை. ஊதிய நிலுவை பற்றிய செய்திகள் வந்தன. ஐ-லீக் வாகையைப் பெற்றுத் தந்த ரஷ்யப் பயிற்றுநர் செர்னிஷோவ் இடையிலேயே விலகினார். 13 அணிகளில் பதின்மூன்றாவதாக முகம்மதன் முடித்தது. அடுத்த பருவமோ பிறக்கவே மறுத்தது. 2025 ஜூலையில், உரிமை ஒப்பந்தச் சிக்கலால் லீக் நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. வழக்கமாகப் பருவம் தொடங்கும் செப்டம்பர் சென்றது, ஆண்டும் முடிந்தது, லீகின் முதல் ஊதல் ஒலிக்கவில்லை. தோற்கும் அணியின் ரசிகனுக்கும் அடுத்த பருவம் என்றொரு மருந்து உண்டு என்று இதுகாறும் கருதியிருந்தோம். அந்த மருந்தும் அலுவலக மேசைகளிலே கட்டுண்டு கிடக்க முடியும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

இந்த வரலாற்றை நாம் விரித்துரைத்ததன் நோக்கம் யாது? கழகத்தை நடத்துவோர் மாறுகின்றனர். முதலீட்டாளர் வருகின்றனர், போகின்றனர். ஆட்டக்காரர் சட்டை மாற்றுகின்றனர். மாறாது நிற்பவன் ரசிகன் ஒருவனே. அவனுக்குப் பங்குப் பத்திரம் இல்லை. கூட்டத்தில் வாக்கும் இல்லை. 40 ஆண்டு வறட்சியில் கழகத்தின் பெயர் அழியாமல் காத்தவன் அவன்தான். எனவே பருவத்தைத் தொடங்கும் உரிமையும் நிறுத்தும் உரிமையும் கையில் வைத்திருப்போர், தங்கள் கணக்கேட்டில் ஏறாத அந்த மனிதனுக்கும் ஒரு கடன் பட்டிருக்கின்றனர். வேளைக்குப் பருவத்தைத் தொடங்குவதும், உழைத்த ஆட்டக்காரனுக்கு ஊதியம் கொடுப்பதும், நெரிசலின்றிப் பாதுகாப்பாக அமர இடம் தருவதும் அக்கடனின் தவணைகள்.

ரசிகனுக்கும் ஒரு கடமை உண்டு. 1911-இல் பிறர் வெற்றிக்காகத் தரையில் புரண்டு மகிழ்ந்தவர்களின் வழித்தோன்றல் அவன். தன் அணியை நேசிப்பதற்கு எதிரணியை வெறுப்பது நிபந்தனையன்று. இதை அவன் நினைவில் கொண்டு மைதானத்துக்குச் செல்வானாகில், அவன் அணி வென்றாலும் தோற்றாலும் அந்தப் பருவம் நற்பருவமே.